பொன்னுலிங்கத்தின் பை

"என்னை ஊருக்கு அனுப்பி வச்சிருங்கய்யா" என்றாள் உலகம்மை.

வைத்தியர் நல்லபெருமாள் சுக்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"ஏன்க்கா?"

"என் விரலு செத்த விரலு. எல்லாரும் சொன்னது சரிதான்."

குருவுக்குச் சிஷ்யையைவிட ஆறு வயது குறைவு. அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அய்யா என்பாள். மலையடிவாரத்து அந்த வைத்தியசாலையில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் முதல் மாதத்திலேயே சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

ஓயாத பேச்சு ஒன்று இருந்தது. அது அவள் ஊரைப் பற்றியது.

வெள்ளாங்கரை கடலோரத்து ஊர். உப்பளம்தான் பிழைப்பு. பிள்ளைகள் நடக்கப் பழகுவதே பாத்தி வரப்பில்தான். அந்த ஊர்க்காரர்களுக்கு விரல் நுனியில் உணர்ச்சி கிடையாது, உப்பு தின்றுவிட்டது, ஊசியால் குத்தினாலும் தெரியாது என்று மேற்கே எல்லாரும் சொல்வார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட ஊசி எடுத்துக் குத்திப் பார்த்ததில்லை. அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது.

நாடி பார்ப்பதோ விரல் நுனியால். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். அந்த மூன்று விரலும்தான் வைத்தியருக்குக் கண்ணும் காதும்.

கணவன் செத்த பிறகு, நாற்பத்தைந்து வயதில், எட்டு நாள் நடந்து வந்து உலகம்மை அங்கே உட்கார்ந்தாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

கொட்டகையில், கூடப் படிப்பவர்கள் மத்தியில், அவளை மிஞ்ச ஆளில்லை. மூத்த சிஷ்யன் தாணு ஏழு தலைமுறை வைத்தியர் வீட்டுப் பிள்ளை. அவனே சந்தேகம் வந்தால், நோயாளியின் கையை அவள் பக்கம் தள்ளி, கொஞ்சம் தொட்டுப் பாருங்கக்கா என்பான். அவள் தொடுவாள், சொல்வாள், சரியாக இருக்கும்.

சபையில் மட்டும் அது நடக்கவில்லை.



அந்த வைத்தியசாலையில் இரண்டு வழக்கங்கள் உண்டு.

சேருகிற அன்றே ஒவ்வொருவரும் தன் மருந்துப் பையைத் தன் கையால் தைத்துக் கொட்டகைச் சுவரில் மாட்டிவிட வேண்டும். படிப்பு முடிந்ததும் மூன்று பௌர்ணமிச் சபை. வெளியூர் நோயாளிகள் வந்து கை நீட்டுவார்கள். மூன்றில் ஒன்றிலாவது நாடியைச் சரியாகச் சொல்லிவிட்டால் பை தோளுக்கு வரும். தவறினால் பை ஆணியிலேயே தங்கும், ஆள் போய்விட வேண்டும். பை இல்லாமல் யாருக்கும் மருந்து கொடுப்பதில்லை என்று குருவின் முன்னால் சத்தியம் செய்துதான் எல்லாரும் உள்ளே வருகிறார்கள்.

இன்னொரு வழக்கம், கை கொடுப்பவர் முதலில் "எந்த ஊர்?" என்று கேட்க வேண்டும். பார்ப்பவர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கை நீளும். யாரிடம் உயிரைக் கொடுக்கிறோம் என்று நோயாளிக்குத் தெரிய வேண்டாமா என்று எந்தக் காலத்திலோ ஒரு நல்ல மனிதர் யோசித்து வைத்தது. கொட்டகைக்குள் இந்தக் கேள்வி கிடையாது. சபைக்கு மட்டும்தான்.

முதல் சபையில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். எந்த ஊர் என்றார். வெள்ளாங்கரை என்றாள். அவர் மரியாதையாகச் சிரித்தார். நீண்ட கை பாதியில் ஒரு கணம் நின்று, பிறகு வந்தது.

பித்தம், வேகமாகத் துடிக்கிறது என்றாள் உலகம்மை. அவருக்கு இருந்தது கபம். இழுப்பு நோய்க்காரர்.

தாணு நல்ல பையன். அன்று சாயங்காலமே ஒரு தைலத்தைக் கொண்டுவந்து கொடுத்து, பழைய காய்ப்பெல்லாம் இளகிவிடும் என்றான். அவள் காலையும் மாலையும் தேய்த்தாள். கஞ்சிக்கு உப்புப் போடுவதையும் நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டாவது சபையில் ஒரு புதுப்பெண். ஊரைக் கேட்டதும் பக்கத்தில் நின்ற மாமியார், "பரவால்ல, பாரும்மா" என்றாள். பரவாயில்லை என்ற அந்தச் சொல்லை உலகம்மை ஒரு மாதம் சுமந்துகொண்டு திரிந்தாள். அன்றைக்கும் பித்தம் என்றே சொன்னாள். அதுவும் தவறு.

மூன்றாவது சபை நேற்று. வந்தவர் ஒரு கிழவர். ஊரைக் கேட்டார், தலையாட்டினார், கையைக் கொடுத்தார். குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. அவர் சொல்லாததை எல்லாம் உலகம்மையே தனக்குள் சொல்லிக்கொண்டாள். விரலை அழுத்தினாள். உணர்ச்சி இருக்கிறதா என்று இன்னும் அழுத்திப் பார்த்தாள். கிழவரை விட்டுவிட்டுத் தன் விரலையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

பித்தம் என்றாள். வாதம் அது.

இன்னும் ஒரு மாதத்தில் வெள்ளாங்கரையில் மழை இறங்கும். முதல் மழையோடு காய்ச்சல் வரும். வருஷா வருஷம் நாலைந்து பேரைக் கொண்டுபோகும். இரண்டு நாள் நடைக்குள் வைத்தியர் கிடையாது. உலகம்மை போய்ப் படித்துவிட்டு வருவாள் என்று ஊரே காத்திருந்தது. வெறுந்தோளோடு அவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவாள்?



நல்லபெருமாள் கத்தியைக் கீழே வைத்தார். இரக்கமுள்ள மனிதர். யார் அழுதாலும் அவருக்குத் தாங்காது.

"அக்கா, இது உங்க குத்தமில்ல. உப்பு செஞ்ச குத்தம்."

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதே வார்த்தைய எங்க ஊருக்காரர் ஒருத்தர்கிட்டயும் சொன்னீங்களாய்யா?"

அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"பொன்னுலிங்கம்! பன்னண்டு வருஷம் ஆச்சு. மூணு சபையும் தவறிப்போயி, தேம்பித் தேம்பி அழுதுக்கிட்டு நின்னான். மனசு ஆறட்டுமேன்னு சொன்னேன். நல்லா இருக்கானா?"

 உலகம்மை சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாக.

பொன்னுலிங்கம் ஊருக்குத் திரும்பி வந்து உப்பு வாரினான். மலையில் படித்ததைப் பற்றி யாரிடமும் பேசமாட்டான். அவள் கணவன் காய்ச்சலில் விழுந்தபோது அவள்தான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தான், பக்கத்தில் உட்கார்ந்தான், கணவனின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தான். கண்ணை மூடினான். கபம் கட்டிக்கிட்டு நிக்குதே என்று தன்னை மறந்து முணுமுணுத்தான்.

பிறகு நெருப்பைத் தொட்டவன் மாதிரி கையை எடுத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியாது தாயி. என் விரலு செத்த விரலு. என் குருவே சொல்லிட்டாரு."

எழுந்து போய்விட்டான். மூன்றாம் நாள் கணவன் போய்ச் சேர்ந்தான்.

அடுத்த மழையில் பொன்னுலிங்கம் படுத்தான். கடைசி நாளில் அவனே தன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தான். என்ன சொல்லுது என்று உலகம்மை கேட்டாள். அவன் விரலை எடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவர்மேல எனக்கு அப்ப ஆத்திரம்யா. படிச்சிட்டு வந்தவன் கைய உதறிட்டுப் போனானேன்னு. அந்த ஆத்திரத்துலதான் நடந்து இங்க வந்தேன். வந்து ரெண்டாம் வருஷம் பாடம் படிக்கையிலதான் தெரிஞ்சுது, எங்க வீட்டுக்காரருக்கு இருந்தது கபக் காய்ச்சல்தான். பொன்னுலிங்கம் சரியாத்தான் சொல்லியிருக்காரு."

சுக்குத் தோல் காற்றில் பறந்தது. நல்லபெருமாள் அதைப் பார்க்கவில்லை.

அவர் கேட்டார்.

"உங்க வீட்டுல, நாடியத் தொடுறதுக்கு முன்னாடி, யாராவது அவன்கிட்ட எந்த ஊருன்னு கேட்டாங்களா?"

"எங்க ஊர்ல எங்கள யாருய்யா அதக் கேப்பா?"

அவர் எழுந்து உள்ளே போனார். பழைய சபை ஏடுகள் இருந்த பெட்டியைத் திறந்தார். யார் என்ன நாடி சொன்னார்கள் என்று எழுதி வைத்த ஏடுகள் அவை. தேடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். ஏட்டோடு திரும்பி வந்தார்.

"பொன்னுலிங்கமும் மூணு தடவையும் பித்தம்னுதான் சொல்லியிருக்கான். மூணு தடவையும் வேகமாத் துடிக்குன்னு சொல்லியிருக்கான்."

அவர் ஏட்டைக் கட்டி வைத்தார்.

"நாலு நாள் இருங்கக்கா" என்றார். "அப்புறம் போகலாம்."



அந்த நாலு நாளும் குரு சாப்பிடவில்லை. இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. கொட்டகையில் ஆணிகளுக்குக் கீழே போய் நின்றுகொள்வார். அங்கே ஒரு ஓரத்தில் பழைய கோணிப் பை ஒன்று தொங்கியது. உப்பு மூட்டைக்கு வருகிற கோணி. எலி கடித்து ஒரு மூலை போயிருந்தது. மூன்று வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தும் யாருடையது என்று உலகம்மை கேட்டதில்லை. இப்போது கேட்கத் தேவையும் இல்லை.

நாலாம் நாள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

உள்ளறையில் திரை கட்டியிருந்தது. பெரிய இடத்து அம்மா ஒருத்தர் வந்திருக்கிறார், முகம் காட்டமாட்டார், பேசவும் மாட்டார், கையைப் பட்டுத்துணிக்குள் வைத்துத்தான் தருவார் என்றார் நல்லபெருமாள். அப்படிப் பார்ப்பதும் உண்டுதான்.

உலகம்மை தயங்கினாள். மூன்று தடவையும் முடிந்துவிட்டதே என்றாள்.

"நோயாளி காத்திருக்காங்கக்கா. உக்காருங்க. அவங்களுக்குப் பதிலா நான் கேக்கேன். எந்த ஊர்?"

அவள் உட்கார்ந்தாள்.

"வெள்ளாங்கரை."

திரைக்கடியில் பட்டுச் சுற்றிய கை தெரிந்தது. மூன்று விரலையும் வைத்தாள். துணிக்குள் சூடு, மெத்தென்ற ஈரம். அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டது. விட்டு விட்டு, முட்டி முட்டி, ஓடியது.

"பித்தம்யா. ரொம்ப வேகமாத் துடிக்கி. காய்ச்சல்ல கொண்டு விட்டுரும்."

நல்லபெருமாள் திரையை விலக்கினார்.

அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. ஒரு முக்காலி. அதன்மேல், வெந்நீரில் போட்டெடுத்துப் பட்டுத்துணி சுற்றிய ஒரு முழ வாழைத்தண்டு.

உலகம்மைக்கு முகம் கொதித்தது. போகிற நேரத்தில் இப்படியும் ஒரு கேலியா என்று நினைத்தாள். எழப்போனாள்.

"நான் சிரிக்கலக்கா."

பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"துடிச்சுதா?"

"துடிச்சுது."

"பொய் சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப யாரோடது?"

அவள் மறுபடி உட்கார்ந்தாள். வாழைத்தண்டின்மேல் விரலை வைத்தாள். துடித்தது. அழுத்தினாள், கூடுதலாகத் துடித்தது. அந்தத் துடிப்பின் பின்னாலேயே போனாள். அது விரல் நுனியிலிருந்து உள்ளங்கைக்கு வந்தது, மணிக்கட்டுக்கு ஏறியது, முழங்கை தாண்டியது, தோளைத் தாண்டி அவள் நெஞ்சிலேயே வந்து நின்றது.

ஜவுளிக்கடைக்காரர் கையில் கேட்டது இதுதான். புதுப்பெண் கையிலும் இதேதான். கிழவர் கையிலும்.

அவள் தன் மூன்று விரலையும் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். செத்த விரல் என்று இரண்டு மாதம் அவள் தைலம் தேய்த்த விரல்கள். தன் நெஞ்சு அடித்துக்கொள்வதைத் துணிக்கு மேலேயும் கேட்டுச் சொல்லியிருக்கின்றன.

அப்புறம் அழுதாள். தனக்காகக் கொஞ்சம் அழுதாள். மீதியெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவனுக்காக.

நல்லபெருமாள் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல அவருக்கு இப்போது பயமாக இருந்தது.

அன்று ராத்திரி உலகம்மை கஞ்சிக்கு உப்புப் போட்டுக் குடித்தாள். ஒரு கை கூடவே போட்டாள்.



காலையில் நல்லபெருமாள் கொட்டகைக்கு வந்தார். அவள் பையை ஆணியிலிருந்து எடுக்கக் கை தூக்கினார்.

"அது வேண்டாம்யா" என்றாள். "அதத் தாங்க."

கோணிப் பையைக் காட்டினாள்.

அவர் கை அந்தரத்தில் நின்றது. எலி கடித்திருக்கிறது என்றார். தைத்துக்கொள்கிறேன் என்றாள். அவர் அதை எடுத்துத் தூசி தட்டினார். பன்னிரண்டு வருஷத் தூசி. தட்டத் தட்ட வந்தது. தாணு மருந்துச் சிமிழ்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக உள்ளே வைத்தான். கபக் காய்ச்சலுக்கான மருந்தை மட்டும் இரண்டு மடங்கு வைத்தான். தைலத்தைக் கொடுத்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனான்.

சபையில் சொல்லாமல் பை எப்படி என்று உலகம்மை கேட்டாள். முறை முறைதானே.

நல்லபெருமாள் தரையில் உட்கார்ந்து வலது கையை நீட்டினார்.

"மொத நோயாளி நான். பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

அவள் எதிரே உட்கார்ந்தாள். வழக்கப்படி அவர்தான் கேட்க வேண்டும். கேட்க வாயைத் திறந்தார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வரவில்லை.

அவளே சொன்னாள்.

"வெள்ளாங்கரை."

நெஞ்சு அடித்துக்கொண்டது, எப்போதும்போல. அவள் அவசரப்படவில்லை. இடது கையைத் தன் நெஞ்சில் வைத்து, இது என்னுடையது என்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது ஓடி ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அதற்குப் பிறகுதான் வலது கை விரல்களை அவர் மணிக்கட்டில் வைத்தாள். அழுத்தவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.

வெளியே யாரோ உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், வேறொருவர் நாடி அவள் விரலுக்கு வந்து சேர்ந்தது.

நேரம் ஆனது.

"நாலு நாளா சோறு இல்ல" என்றாள். "தூக்கமும் இல்ல."

"ஆமா."

"வாதம் அதன் நடையிலதான் போகுது. பித்தமும் ஏறல. கபமும் இல்ல."

"சரி."

"இது நோயில்லய்யா."

"பின்ன என்னக்கா?"

உலகம்மை அவர் கையை விடவில்லை. மற்றொரு கையால் தோளில் கிடந்த கோணிப் பையைத் தடவினாள்.

"இதுக்கு இந்தப் பையில மருந்து கிடையாது."